மிண்டனாவோ: மதத்தால் வந்த பிரிவினையா, மண்ணால் வந்ததா?

மதத்தின் பேரில் தனிநாடு கேட்ட இயக்கங்களுக்கு மதம்தான் உண்மையான காரணமா, இல்லை அரசியலுக்கு அது வெறும் போர்வையா என்பது கேள்வி. உலகத்தில் உள்ள எல்லா இயக்கங்களையும் சேர்த்து வைத்துப் பதில் சொல்லப் போனால் ஒன்றும் தேறாது. அதனால் ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிலிப்பைன்ஸின் தெற்கே இருக்கும் மிண்டனாவோ தீவும், அதையடுத்த சூலு தீவுக்கூட்டமும். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், மொரோ எனப்படும் முஸ்லிம் மக்கள் அரை நூற்றாண்டாக நடத்திய போராட்டம் அது. நம் செய்தித்தாள்களில் 'முஸ்லிம் தீவிரவாதிகள் தாக்குதல்' என்று நான்கு வரியில் முடிந்துபோகும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே சண்டை மூண்டது நிலத்தால். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டியது மதம். அப்புறம் அந்த மதம் சும்மா இருக்கவில்லை, தனக்கென்று சில வேலைகளைச் செய்தது. ஆகவே போர்வை என்று தள்ளிவிடவும் முடியாது.

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இஸ்லாம் அங்கே வந்துவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் சூலுவில் ஒரு சுல்தான் ஆட்சி, அடுத்த நூற்றாண்டில் மிண்டனாவோவில் மகுவிந்தனாவ் சுல்தான் ஆட்சி. 1571-இல் ஸ்பானியர்கள் மணிலாவைப் பிடித்தபோது அங்கேயும் ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் தலைவர் இருந்தார். வடக்கும் நடுத் தீவுகளும் மெல்ல மெல்லக் கிறிஸ்தவம் ஆயின, தெற்கு மட்டும் பிடி கொடுக்கவில்லை. தங்கள் ஊரில் சண்டை போட்டுப் பழகிய மூர்கள் என்ற முஸ்லிம்களின் பெயரையே ஸ்பானியர்கள் இவர்களுக்கும் வைத்துவிட்டார்கள். முந்நூறு ஆண்டு இழுபறி. ஸ்பானியப் படைகள் மொரோ ஊர்களைக் கொளுத்தின. மொரோ படகுகள் வடக்கே போய்க் கிறிஸ்தவக் கடலோர ஊர்களில் ஆட்களைப் பிடித்து வந்து அடிமைகளாக விற்றன. இந்த இரண்டாவது பாதியை மொரோ ஆதரவாளர்கள் பலர் சொல்வதில்லை. ஆனால் 'மொரோ' என்றாலே வடக்கத்திக் குடும்பங்களுக்கு ஏன் நடுக்கம் வந்தது என்பது இதைச் சொல்லாமல் புரியாது.

1898-இல் பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் 2 கோடி டாலருக்குக் கொடுத்தது. முழுதாகத் தன் கைக்கு வராத மொரோ நிலத்தையும் சேர்த்தே கொடுத்தது. உங்கள் ஆட்சியில் தலையிட மாட்டோம் என்ற வகையில் 1899-இல் சூலு சுல்தானோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள் அமெரிக்கர்கள். வடக்கே பிலிப்பினோ விடுதலைப் படையோடு போர் நடந்துகொண்டிருந்தது. தெற்கு அமைதியாக இருந்தால் போதும் என்ற கணக்கு. வடக்கு அடங்கியதும் 1904-இல் ஒப்பந்தத்தைத் தாங்களாகவே ரத்து செய்தார்கள். 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் தாஹோ என்ற எரிமலை வாய்க்குள் ஒதுங்கியிருந்த ஊர்மக்களை அமெரிக்கப் படை சுற்றிவளைத்துச் சுட்டது. பெண்களும் குழந்தைகளும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனாலும் இவையெல்லாம் அந்தக் காலத்து எந்தக் காலனியிலும் நடந்தவைதான். இதோடு நின்றிருந்தால் 1970-களில் ஒரு பிரிவினைப் போர் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வினை சட்டப் புத்தகத்தின் வழியாக வந்தது.

மொரோ ஊர்களில் நிலத்துக்குக் காகிதம் கிடையாது. ஊர்த்தலைவரான தாத்துவின் பொறுப்பில், வழிவழியாக இன்ன குடும்பம் இன்ன இடத்தில் பயிர் செய்யும் என்ற வழக்கம் இருந்தது. புதிய அரசு, பதிவு இல்லாத நிலமெல்லாம் அரசு நிலம் என்றது. பிறகு அதைப் பங்கு போட ஆரம்பித்தது. 1919-ஆம் ஆண்டு பொது நிலச் சட்டத்தின்படி ஒரு கிறிஸ்தவக் குடியேறி 24 ஹெக்டேர் வரை கேட்டு மனுப் போடலாம். 'கிறிஸ்தவர் அல்லாதவர்' என்றால் 10 ஹெக்டேர்தான். 1936-இல் அந்தப் பத்தும் நான்காகச் சுருங்கியது. மனு எழுத, அளவை செய்ய, பதிவு செய்ய வேண்டிய மொழியும் அலுவலகமும் வந்தேறிகளுக்குப் பழக்கம். மண்ணில் இருந்தவர்களுக்குப் பழக்கமில்லை. தன் அப்பன் பாட்டன் உழுத வயலுக்கு வேறொருவர் பட்டாவோடு வந்து நிற்பதைப் பலர் அப்போதுதான் முதல்முறை பார்த்தார்கள். இதில் மொரோ தாத்துகளுக்கும் பங்கு உண்டு. சிலர் பொது நிலத்தைத் தங்கள் பெயரில் பதிந்து குடியேறிகளுக்கு விற்றுவிட்டார்கள். பின்னாளில் இளைஞர்கள் மணிலாவை எதிர்த்ததோடு தங்கள் தாத்துகளையும் ஒதுக்கியதற்கு இது ஒரு காரணம்.

1935-இல் லானாவ் ஏரிப் பகுதியின் நூற்றுச் சொச்சம் தாத்துகள் அமெரிக்காவுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் கொடுங்கள், எங்களை அதோடு சேர்க்காதீர்கள் என்பது சாரம். பிரிவினைக் கோரிக்கையின் முதல் எழுத்து வடிவங்களில் ஒன்று இது. யாரும் காது கொடுக்கவில்லை. 1939-இல் தேசிய நிலக் குடியேற்ற நிர்வாகம் என்று ஓர் அமைப்பு வைத்து, மிண்டனாவோவின் கோத்தபாத்தோ சமவெளியில் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஜெனரலின் பெயரில்தான் இன்று ஜெனரல் சாந்தோஸ் நகரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகம் கூடியது. வடக்குத் தீவான லூசோனில் நிலமற்ற விவசாயிகள் ஹுக் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சியில் இறங்கியிருந்தார்கள். அங்கே பண்ணையார்களின் நிலத்தைத் தொட மணிலாவுக்கு மனமில்லை. சரி, தெற்கே நிலம் தருகிறோம், ஆயுதத்தைப் போடுங்கள் என்றது. வடக்கின் வர்க்கப் பிரச்சினை இப்படித்தான் தெற்குக்குக் கப்பலேறி, அங்கே மதப் பிரச்சினையாக இறங்கியது. வந்தவர்களும் ஏழைகள்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிண்டனாவோ மக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முஸ்லிம்கள். நூற்றாண்டு முடிவில் ஐந்தில் ஒரு பங்கு. கிழக்கில் சிங்களர்களைக் குடியமர்த்திய கல்லோயா திட்டத்தைப் பற்றி அறிந்த இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் கணக்கின் அரசியலை நான் விளக்க வேண்டியதில்லை. குடியேற்றம் வந்தால் வாக்காளர் பட்டியல் மாறும், மேயர் மாறுவார், போலீஸ் மாறும், பட்டா வழங்கும் அலுவலரும் மாறுவார்.

இப்படி உலர்ந்து கிடந்த இடத்தில்தான் 1968 மார்ச்சில் ஜபிதா படுகொலை நடந்தது. மலேசியாவின் சபா மாநிலம் பழைய சூலு சுல்தானுக்கு உரியது, ஆகவே எங்களுக்கு உரியது என்பது மணிலாவின் வாதம். சபாவுக்குள் ஊடுருவி அங்கே கலகம் மூட்ட அதிபர் மார்கோஸ் அரசு ரகசியத் திட்டம் போட்டது. அதற்காக மொரோ இளைஞர்களைத் திரட்டி, ஜபிதா என்று அந்தப் படைக்குப் பெயர் வைத்து, மணிலா விரிகுடாவில் உள்ள கொரெகிடோர் தீவில் பயிற்சி கொடுத்தார்கள். சம்பளம் வரவில்லை என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். தங்கள் உறவுமுறை முஸ்லிம்களையே கொல்லத்தான் இந்தப் பயிற்சி என்பது தெரிந்து மறுத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. ராணுவம் அவர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. காலில் குண்டடியோடு கடலில் குதித்துத் தப்பிய ஜிபின் அருலா என்பவர் வெளியே வந்து சொன்னார், செனட்டர் நினோய் அக்கினோ அதை அவையில் எழுப்பினார். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் 1971-இல் விடுதலையானார்கள்.

மணிலாவின் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்த மொரோ மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் நூர் மிசுவாரி. சூலுக்காரர், தௌசுக் இனத்தவர், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்தியவர். இடதுசாரி இளைஞர் அமைப்பான கபத்தாங் மக்கபயானில் இருந்தவர். மொரோ தேசிய விடுதலை முன்னணியை உருவாக்கியவர் ஒரு மதரசா ஆசிரியர் இல்லை, மார்க்சியக் கூட்டாளிகளோடு பழகிய விரிவுரையாளர் என்பதைக் கவனியுங்கள். ஜபிதாவால் கோபமுற்ற சபாவின் முதலமைச்சர் துன் முஸ்தபா இவர்களுக்குக் கை கொடுத்தார். 1969-இல் மிசுவாரி உட்பட 90 பேர் மலேசியாவில் ராணுவப் பயிற்சி பெற்றார்கள். சபாவைப் பிடிக்கப் போட்ட திட்டம் மணிலாவுக்கு எதிரான படையாகத் திரும்பி வந்தது.

அதற்குள் கோத்தபாத்தோவில் இலாகா என்ற கிறிஸ்தவ ஆயுதக் கும்பல்கள் கிளம்பியிருந்தன. 1971 ஜூனில் மனிலி என்ற ஊரில் பேச்சுவார்த்தை என்று பள்ளிவாசலுக்கு வரவழைக்கப்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்து, பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார். மறு மாதமே மிண்டனாவோவின் மராவி நகரில் போர் தொடங்கிவிட்டது. 1974 பிப்ரவரியில் ஹோலோ நகரம் சண்டையில் எரிந்தது. இந்தப் போரில் மொத்தம் சுமார் 1.2 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பங்கு எழுபதுகளில்தான்.

1974-இல் முன்னணி வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில் ஒரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த மண்ணில் இருக்க விரும்பும் பிலிப்பினோக்கள் தங்கள் குடியுரிமையைத் துறந்தால் சம உரிமையோடு இருக்கலாம் என்றது அது. மதம் மாறச் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் மதம் என்னதான் செய்தது? நிறையவே செய்தது. மொரோ என்பது ஒரே இனம் இல்லை; பதின்மூன்று குழுக்கள், தனித்தனி மொழிகள். தௌசுக், மரனாவ், மகுவிந்தனாவ் ஆகியோருக்குள் பழைய பகை வேறு. அவர்கள் எல்லாரையும் ஒரு பெயருக்குக் கீழே கொண்டுவர இஸ்லாத்தைத் தவிர வேறு கயிறு இருக்கவில்லை. அடுத்து, வெளியுலகம். லிபியாவின் கடாஃபி பணமும் ஆயுதமும் தந்தார். சவூதியின் ஜெட்டாவில் தலைமையகம் உள்ள இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பு மிசுவாரியின் அமைப்பை மொரோக்களின் பிரதிநிதியாக ஏற்றது. எண்ணெய்க்கு மத்திய கிழக்கை நம்பியிருந்த மார்கோஸ், எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்கு நடுவே அதைப் புறக்கணிக்க முடியவில்லை. மனைவி இமெல்டாவையே கடாஃபியிடம் தூது அனுப்பினார். 1976 டிசம்பரில் திரிபோலி ஒப்பந்தம் கையெழுத்தானது. வெறும் நிலச் சண்டை என்றால் கோத்தபாத்தோ விவசாயிக்காக ஜெட்டாவில் யார் கூட்டம் போட்டிருப்பார்கள்?

திரிபோலி ஒப்பந்தம் 13 மாகாணங்களுக்குத் தன்னாட்சி என்றது. அதாவது தனிநாட்டுக் கோரிக்கை அப்போதே ஒரு படி இறங்கிவிட்டது. ஆனால் 'அரசியல் சாசன நடைமுறைகளின்படி' நிறைவேற்றப்படும் என்று ஒரு வரி அதில் இருந்தது. மார்கோஸ் அதைப் பிடித்துக்கொண்டு 1977-இல் வாக்கெடுப்பு வைத்தார். பதின்மூன்றில் பெரும்பாலானவற்றில் அதற்குள் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை. முடிவை ஊகிக்க ஜோசியம் வேண்டாம். அரை நூற்றாண்டுக் குடியேற்றத்தை வாக்குப்பெட்டி உறுதி செய்து கொடுத்தது.

அந்தத் தோல்வியில் இயக்கம் உடைந்தது. கெய்ரோவின் அல் அஸ்ஹர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் படித்த மகுவிந்தனாவ்காரர் ஹாஷிம் சலாமத், மிசுவாரியின் போக்கு இஸ்லாத்தைவிட்டு விலகுகிறது என்று பிரிந்து போனார். 1984-இல் தன் அமைப்புக்கு மொரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி என்று பெயர் வைத்தார். மேலுக்கு இது மதச்சார்பற்றவருக்கும் மார்க்கவாதிக்கும் இடையிலான பிளவு. ஆனால் வரைபடத்தில் பார்த்தால் சூலுத் தீவுகள் மிசுவாரியோடும், மிண்டனாவோ நிலப்பகுதி சலாமத்தோடும் நின்றன. கொள்கை என்று பேசப்பட்டதில் பாதி ஊரும் இனமும்.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம். மார்கோஸ் விழுந்த பிறகு 1989-இல் நடந்த வாக்கெடுப்பில் நான்கு மாகாணங்கள் மட்டும் தன்னாட்சிப் பகுதியில் சேர்ந்தன. 1996-இல் மிசுவாரி சமாதானம் செய்துகொண்டு அதன் ஆளுநரானார். நிர்வாகம் சோபிக்கவில்லை, 2001-இல் மீண்டும் கலகம் செய்து மலேசியாவில் பிடிபட்டார். இடையில் அபு சயாஃப் என்ற இன்னொரு ஆயுதக் கும்பல் ஆள்கடத்தலில் பணம் பார்த்தது. 2000-இல் அதிபர் எஸ்ட்ராடா முழுப் போர் என்று அறிவித்து, சலாமத்தின் அபுபக்கர் முகாமைப் பிடித்தார். சலாமத் 2003-இல் இறக்க, மூராத் இப்ராஹிம் தலைவரானார்.

மிசுவாரி 1996-இல் செய்த சமாதானம் ஐந்தே ஆண்டில் கலைந்தது. ஆனால் அதிகம் மதப்பற்றுள்ளதாக அறியப்பட்ட இஸ்லாமிய முன்னணிதான் பொறுமையாகப் பேசி, நிலைத்து நிற்கும் ஒப்பந்தத்துக்கு வந்தது. 2008-இல் ஓர் உடன்பாடு கையெழுத்தாகும் நேரத்தில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, பின்பு அது சாசனத்துக்கு முரண் என்று தள்ளியது. முன்னணியின் சில தளபதிகள் கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கினார்கள். அப்போதும் தலைமை பேச்சை முறிக்கவில்லை. 2010 வாக்கில் தனிநாடு வேண்டாம், பிலிப்பைன்ஸுக்குள்ளேயே தன்னாட்சி போதும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 2011 ஆகஸ்டில் அதிபர் பெனிக்னோ அக்கினோ ஜப்பானின் நரித்தாவுக்குப் பறந்து போய் மூராதை ரகசியமாகச் சந்தித்தார். ஜபிதாவை செனட்டில் எழுப்பிய நினோயின் மகன் அவர். மலேசியா நடுவிலிருந்து நடத்திய பேச்சு 2014 மார்ச்சில் முழு ஒப்பந்தமாக முடிந்தது. இந்தப் பேச்சால் கோபம் கொண்ட மிசுவாரியின் ஆட்கள் அதற்கு முன்பே 2013-இல் சம்போவாங்கா நகருக்குள் புகுந்து மூன்று வாரம் சண்டை போட்டார்கள்.

ஏன் மார்க்கவாதிகளால் முடிந்தது? அவர்களுக்குக் கிராமங்களில் உலமாக்கள் என்ற மார்க்க அறிஞர்கள் இருந்தார்கள். விட்டுக்கொடுத்தோம் என்று வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நின்று விளக்கிச் சொல்ல ஆளும் மரியாதையும் இருந்தன. மிசுவாரியிடம் புகழ் இருந்தது, அந்த வலைப்பின்னல் இல்லை. மதம் என்றாலே சமரசம் வராது என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். 2017-இல் ஐஎஸ் பெயரில் மவுத்தே சகோதரர்களும் அபு சயாஃபின் ஹபிலோனும் மராவி நகரை ஐந்து மாதம் பிடித்து வைத்திருந்தபோது, இஸ்லாமிய முன்னணி அரசோடு சேர்ந்து பொதுமக்கள் வெளியேறப் பாதை அமைத்துக் கொடுத்தது.

2018-இல் அதிபர் துதெர்தே சட்டத்தில் கையெழுத்திட, 2019 வாக்கெடுப்புக்குப் பிறகு பங்சமொரோ தன்னாட்சிப் பகுதி பிறந்தது. மூராத் முதலமைச்சரானார். தனி நாடாளுமன்றம், மத்திய வருவாயில் 5 விழுக்காடு நேரடி மானியம், முஸ்லிம்களுக்கு மட்டும் ஷரியத் நீதிமன்றம், குடியேறிகளுக்கும் பழங்குடிகளுக்கும் ஒதுக்கிய இடங்கள். சூலு மாகாணம் மட்டும் எதிர்த்து வாக்களித்தது; ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சூலுவை வெளியே எடுத்துவிட்டது. மிசுவாரியின் சொந்த மண் இன்று மொரோ தன்னாட்சிக்கு வெளியே இருக்கிறது. இஸ்லாமிய முன்னணியின் 40,000 போராளிகள் ஆயுதம் களைய வேண்டும் என்பது திட்டம். சுமார் 26,000 பேர் முடிந்த நிலையில், தருவதாகச் சொன்ன உதவி வரவில்லை என்று 2025-இல் முன்னணி நிறுத்தி வைத்தது.

மிண்டனாவோ ஒரு விதிவிலக்கு என்று தோன்றினால் பக்கத்து இந்தோனேசியாவில் உள்ள அச்சே மாகாணத்தைப் பாருங்கள். இந்தோனேசியாவும் முஸ்லிம் நாடு, அச்சேக்காரர்களும் முஸ்லிம்கள். மதம்தான் பிரிக்கும் என்றால் அங்கே போரே வந்திருக்கக் கூடாது. 1953-இல் தாவூத் பெரூ தலைமையில் எழுந்த கலகம் இஸ்லாமிய அரசு கேட்டது உண்மை. ஆனால் 1976-இல் ஹசன் தி திரோ தொடங்கிய சுதந்திர அச்சே இயக்கம், பழைய சுல்தான் ஆட்சியின் சுதந்திரத்தையும் அருன் எரிவாயு வயலின் வருமானத்தையும் பேசியது. ஷரியத் சட்டத்தை ஜகார்த்தாதான் 2001-இல் தானாகக் கொண்டுவந்து கொடுத்தது, இதோடு அடங்கிவிடுவார்கள் என்று. அடங்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எரிவாயு உள்ளிட்ட இயற்கை வளங்களின் வருமானத்தில் 70 விழுக்காடு அச்சேவுக்கு என்று எழுதினார்கள். ஷரியத் என்ற சொல்லே அதில் இல்லை. அதே சுனாமி அடித்த இலங்கையில், நிவாரணத்தைப் பகிர 2005 ஜூனில் அரசும் புலிகளும் போட்ட பொதுக் கட்டமைப்பு மறு மாதமே நீதிமன்றத் தடையில் சிக்கியது. பேரிடர் வந்தால் சமாதானம் வரும் என்று பொதுவிதி போட முடியாது.

கேள்விக்குத் திரும்பினால், மிண்டனாவோவில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் அல்லாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. லுமாட் எனப்படும் மலைப் பழங்குடிகள். அவர்களும் அதே பட்டாச் சட்டத்தால் நிலத்தை இழந்தவர்கள். உலகில் எந்தக் கூட்டமைப்பும் அவர்களுக்காகப் பேசவில்லை, அதனால் தனிநாடு கேட்கும் நிலைக்கே அவர்கள் வரவில்லை. அவர்களில் தெதுராய் மக்கள் இப்போது பங்சமொரோ எல்லைக்குள் இருக்கிறார்கள். சுமார் 2 லட்சம் ஹெக்டேர் தங்கள் மூதாதையர் நிலம் என்று 2005 முதல் மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள். 2019-இல், பதவியேற்ற சில மாதங்களிலேயே, பங்சமொரோ நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அந்த நிலத்தை அளக்கும் வேலையை நிறுத்துங்கள் என்று மணிலாவிலுள்ள பழங்குடிகள் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது அது.